கரியமில வாயுவைப் புதைப்பதில் என்ன சிக்கல்?

கேள்வி: ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து நிலத்தடியில் செலுத்தும் முறை 1996 முதலே நடைமுறையில் இருப்பதாகப் படித்தேன். பிறகும் அது உலகெங்கும் பரவாததற்குக் காரணம் தொழில்நுட்பமா, பணமா?

பதில்: இரண்டும்தான் என்றாலும், பணத்துக்கே பங்கு அதிகம். நீங்கள் சொல்லும் 1996, நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் இப்பணி தொடங்கிய ஆண்டு. அங்கே பூமிக்குள்ளிருந்து வரும் எரிவாயுவிலேயே கரியமில வாயு கலந்திருப்பதால், விற்பதற்கு முன் அதை எப்படியும் பிரித்தாக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் 1991-இல் நார்வே கொண்டுவந்த கார்பன் வரியைக் கட்ட வேண்டும். வட கடலுக்கடியில் உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்திவிட்டால் வரி மிச்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வரை புதைத்தது இந்தக் கணக்கால்தான். இத்தனை வசதியும் ஒருசேர அமைவது அரிது.

நிலக்கரி மின் நிலையத்தின் கதை வேறு. அதன் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 சதவீதமே. மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். புகையை அமீன் எனும் வேதிப்பொருளின் கரைசலுடன் கலக்கவிட்டால் கரைசல் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பற்றியதை விடுவிக்க அதே கரைசலைச் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். அதற்கான நீராவியை, மின்சாரம் எடுக்க டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவியிலிருந்தே பிடுங்க வேண்டியிருக்கிறது. வாயுவை அழுத்தவும் மின்சாரம் செலவாகிறது. இப்படி உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நிலையத்துக்குள்ளேயே கரைந்துவிட்டால், வாங்க ஆளில்லாத ஒரு கழிவுக்காக அந்த இழப்பை யார் ஏற்பார்? அமெரிக்காவில் ஒரு நிலக்கரி மின் நிலையத்தில் அமைந்த பெட்ரா நோவா திட்டம், பிடித்த வாயுவைப் பழைய எண்ணெய்க் கிணறுகளில் செலுத்தி எஞ்சிய எண்ணெயை எடுத்துச் செலவை ஈடுகட்டப் பார்த்தது. 2017-இல் தொடங்கிய அது, எண்ணெய் விலை சரிந்த 2020-இல் நிறுத்தப்பட்டு 2023-இல்தான் மீண்டும் இயங்கியது. புவி வெப்பத்தைக் குறைக்க வந்த திட்டம் எண்ணெய் விலையை நம்பி நின்றது விசித்திரம்தான்.

பாறையும் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருப்பதில்லை. ஸ்லைப்னரை நடத்தித் தேர்ந்த நிறுவனமே 2008-இல் நார்வேயின் ஸ்னோவிட் எரிவாயு வயலில் இறங்கியபோது, பாறைக்குள் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியதால், 2011-இல் வேறோர் அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று. சூரியத் தகடுபோல் ஓர் ஆலையில் லட்சக்கணக்கில் அச்சடித்து அனுப்பக்கூடிய பொருளல்ல இது. ஒவ்வோர் இடத்திலும் ஆய்வு, துளையிடல், அனுமதி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மக்களின் அச்சத்தையும் வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2020 பிப்ரவரியில், கனமழைக்குப் பின் மண் சரிந்ததால், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சட்டார்ஷியா அருகே கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தவழ்ந்து பரவியது. ஆக்சிஜன் குறைந்து வாகன எஞ்சின்களே நின்றுபோயின. உயிரிழப்பு இல்லையென்றாலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது.

இவற்றின் விளைவு: எரிபொருளாலும் ஆலைகளாலும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது, பிடிக்கும் திறனோ ஏறத்தாழ 5 கோடி டன்.

கேள்வி: அப்படியானால் இதைக் கைவிட்டுவிடலாமா?

பதில்: மின்சாரத்தைப் பொறுத்தவரை காற்றும் சூரியனும் இருக்கையில், இதைக் காட்டி நிலக்கரி நிலையங்களின் ஆயுளை நீட்டிப்பது எனக்கு உடன்பாடில்லை. சிமென்ட் அப்படியல்ல. சூளையை எதைக் கொண்டு எரித்தாலும், சூடேறும் சுண்ணாம்புக்கல் தானாகவே கரியமில வாயுவை வெளிவிடும். சிமென்ட் ஆலையின் உமிழ்வில் பாதிக்கு மேல் அந்தக் கல்லிலிருந்து வருவதே. நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலை 2025 முதல் அதைப் பிடித்து, கப்பலில் ஏற்றிக் கடலடிப் பாறைக்கு அனுப்பிவருகிறது. அரசு பெரும்பங்குச் செலவை ஏற்றதால்தான் அதுவும் நடந்தது.