மியூட் செய்த எண்

அன்புள்ள அம்மா,

ராமநாதபுரம் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தாவரவியல் பேராசிரியை நான். எஸ்.இ.ஆர்.பி. (மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) நிதியில் கடற்பாசி பற்றி மூன்று ஆண்டு ஆய்வு செய்தேன். 2024 மார்ச்சில் திட்டம் முடிந்தது. இறுதி அறிக்கை, பணம் உரிய காரியத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், செலவுக் கணக்கு எதையும் இன்னும் அனுப்பவில்லை. திட்டக் கணக்கில் சேர்ந்த வட்டியைக் கல்லூரி அலுவலகம் விட மறுக்கிறது. நிதி கொடுத்த வாரியமே வேறு அமைப்பாகிவிட்டது. கடைசித் தவணையும் வரவில்லை. மண்டபம் கரையில் மாதிரி சேகரிப்பதையெல்லாம் பார்த்துக்கொண்ட ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) பெண்ணுக்கு நான்கு மாத உதவித்தொகை பாக்கி. 'தம்பிக்கு பீஸ் கட்டணும் மேடம்' என்று மெசேஜ் போடுகிறாள். பார்த்தாலே படபடப்பாக இருப்பதால் மியூட் செய்து வைத்திருக்கிறேன். வரும் மே மாதம் எனக்கு ஓய்வு. அக்டோபரில் மகளுக்குப் பிரசவம், கோவைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. 'உழைத்தது போதும், விடு' என்கிறார் கணவர். இரவில் தூக்கமே இல்லை. இந்தப் பாரத்தை எப்படி இறக்கி வைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

உங்கள் தூக்கத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். வட்டி, வாரியம், ஓய்வு, டிக்கெட் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்து, நடுவில் அந்தப் பெண்ணின் எண்ணை மியூட் செய்ததைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

எவ்வளவு பாக்கி என்று கூட்டிப் பார்த்தீர்களா? 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப்.புக்கு மத்திய அரசு வைத்திருக்கும் தொகை மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப் படியை விட்டுவிட்டாலும் நான்கு மாதத்துக்கு 1,48,000. உங்கள் சம்பளத்துக்குப் பக்கத்தில் அது பெரிய தொகையாகத் தெரியாமல் இருக்கலாம். அவள் வீட்டில் அது ஒரு பையனின் படிப்பு. அவள் உங்களிடம் உதவியா கேட்கிறாள்? கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து, விடிவதற்கு முன் எழுந்து போய், தண்ணீரில் நின்று பாசி எடுத்து வந்ததற்கான கூலியைக் கேட்கிறாள்.

தவணை வராததால் பாக்கி என்கிறீர்கள். சரி, தவணை ஏன் வரவில்லை? வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்டினால்தான் மேற்கொண்டு பணம் வரும் என்பது ஆய்வு நிதி வாங்கிய எல்லாருக்கும் தெரியும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ன்படி நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும். 2023-24 கணக்குக்கு அந்தக் கெடு 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பணத்தை டெல்லியில் யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை அம்மா. உங்கள் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். சான்றிதழுக்கான 12-ஏ படிவத்தில், நிபந்தனைகள் நிறைவேறினவா, எதற்காகப் பணம் தரப்பட்டதோ அதற்கே செலவானதா என்று சரிபார்த்துத் திருப்தி அடைந்ததாகக் கல்லூரி கையெழுத்துப் போடும். இறுதி அறிக்கையில் இந்தத் திட்டத்தால் பயிற்சி பெற்றவர்கள் யார் என்று ஒரு இடம் இருக்கும். அங்கே அவள் பெயரைத்தான் எழுதப் போகிறீர்கள். கை வருமா?

என் அப்பா பொதுப்பணித் துறையில் கூலி பட்டுவாடா செய்தவர். சனிக்கிழமை சாயங்காலம் மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பதிவேட்டை விரித்து, ஒவ்வொருவர் கட்டை விரலையும் பிடித்து ஊதா மையில் ஒற்றி எடுப்பார். வீட்டுக்கு வரும்போது வேட்டி ஓரமெல்லாம் ஊதாவாக இருக்கும். கடைசி ஆளுக்குக் கொடுத்து முடிக்காமல் அவர் சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். இதில் உங்களுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வராது.

வாரியம் மாறியதையெல்லாம் காரணமாகச் சொல்லாதீர்கள். 2023-ல் வந்த சட்டப்படி எஸ்.இ.ஆர்.பி. இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. பழைய திட்டங்களின் கணக்கு வழக்கும் கூடவே போயிற்று. வட்டி விஷயத்திலும் பேச்சுக்கு இடமில்லை. கணக்கு முடிந்ததும் அது இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கஜானாவுக்குத் திரும்ப வேண்டும் என்று அதே பொது நிதி விதிகளில் 230-ஆம் விதி சொல்கிறது. அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளத்தில் கட்டி ரசீது எடுக்கலாம். அந்த விதியை அச்செடுத்துக் கல்லூரி முதல்வர் மேஜையில் வையுங்கள். திட்டப் பணத்தில் வாங்கிய கருவிகளின் பட்டியலையும் ஆடிட்டர் கையெழுத்தையும் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். மூன்று ஆண்டு ஆய்வையே முடித்தவருக்கு இது ஒரு வேலையா?

அதே கையோடு முதல்வரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: கல்லூரி தன் பணத்திலிருந்து அந்த நான்கு மாதத் தொகையைக் கொடுத்து, செலவுக் கணக்கில் காட்டி, அனுமதித்த தொகைக்குள் திரும்பக் கேட்கட்டும். திட்டம் முடிவதற்கு முன் அவள் வேலை பார்த்த மாதங்கள்தானே அவை. கல்லூரி கையை விரித்தால் உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள். அவளைச் சேர்த்தது நீங்கள், வேலை வாங்கியது நீங்கள், காகிதத்தைத் தாமதம் செய்ததும் நீங்கள். மே மாதம் நீங்கள் மாலையோடு வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கோப்பை யார் திறக்கப் போகிறார்கள்?

உங்கள் கணவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில் 'விடு' என்கிறார். மியூட் செய்த விஷயத்தை அவரிடம் சொன்னீர்களா? சொல்லிவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

மகள் பிரசவத்துக்குப் போகத்தான் வேண்டும். பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு பெண் பிள்ளை பெறக் கூடாது என்று நினைப்பவள் நான். ஆனால் உங்களை மூன்று ஆண்டு 'மேடம்' என்று கூப்பிட்டவளும் ஒரு வீட்டின் மகள். தம்பி படிப்பைத் தோளில் சுமக்கிற அக்காவை மெசேஜ் மேல் மெசேஜ் போட வைத்துவிட்டு, அங்கே போய்ப் பேரக் குழந்தையைக் கையில் வாங்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?

இன்றைக்கே மியூட்டை எடுங்கள். நீளமாக மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம். மொத்தம் எவ்வளவு பாக்கி, யார் தருவார்கள், எந்தத் தேதிக்குள் என்று எழுதி அனுப்புங்கள். தம்பிக்கு பீஸ் கட்டக் கடைசி நாள் எது என்று கேளுங்கள். அது கோவை டிக்கெட்டுக்கு முந்திய தேதியாக இருந்தால், கல்லூரியின் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு மாதத் தொகையை உங்கள் கையிலிருந்து அவள் கணக்கில் போட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.