கைமணிக் குழுவுக்கு இசைத்தாள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று ஆக்டேவ் (ஸ்தாயி) மணிகளும் பதினொரு பேரும் உள்ள புதிய தேவாலயக் குழுவுக்கு எப்படி இசைத்தாள் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்டு பிடித்திருக்கிறதா என்பதை அப்புறம் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, தாளின் தொடக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'தேவையான மணிகள்' பட்டியல். மூன்று ஆக்டேவ் என்றால் 37 மணிகள், இரண்டு என்றால் 25. ஒரு மணிக்கு ஒரே சுரம்தான்; ஒவ்வொருவரும் தமக்குரிய சில மணிகளை மட்டுமே அடிப்பதால், ஒருவர் வராவிட்டால் அவருடைய சுரங்களே காணாமல் போகும் கலை இது. ஆள் குறையும் வாரங்களுக்காக இரண்டு ஆக்டேவ் பாடல் ஒன்றிரண்டையும் கைவசம் வைத்திருங்கள்.

அமெரிக்கப் பதிப்புகளில் 1 முதல் 6 வரை கடினநிலை குறித்திருப்பார்கள். தொடக்கக் குழுவுக்கு 1 அல்லது 2 போதும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு பென்சிலை எடுத்து, ஒரே ஒருவருடைய சுரங்களை மட்டும் பக்கம் முழுவதும் வட்டமிட்டுப் பாருங்கள். இடக்கையில் எஃப் சுர மணி, வலக்கையில் ஜி சுர மணி வைத்திருப்பவருக்கு திடீரென எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அரைச்சுரம் மேலே உள்ளது) வருகிறது என்று வையுங்கள். எஃப் மணியை மேசையில் வைத்துவிட்டு மற்றதை எடுக்க ஒரு தாளமாவது இடைவெளி வேண்டும். அது இல்லாமல் அடிக்கடி வந்தால், எவ்வளவு இனிமையான பாடலானாலும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஆளுக்கொரு பிரதி விலைக்கே வாங்குங்கள். அனுமதியின்றி நகலெடுப்பது காப்புரிமை மீறல்.