மகள் பீடியாட்ரிக் யூராலஜிஸ்ட் (குழந்தைகளின் சிறுநீர்ப் பாதைக்கான அறுவை சிகிச்சை நிபுணர்) ஆக ஆசைப்படுகிறாளா?

"முதலில் பீடியாட்ரிக்ஸ் (பொதுக் குழந்தை மருத்துவம்) எடுக்கட்டும், அப்புறம் யூராலஜி பக்கம் போய்க்கொள்ளலாம்" என்று கணக்குப் போடும் பெற்றோர் நிறைய. அங்கேயே தடம் மாறிவிடுகிறது. பீடியாட்ரிக்ஸ் படித்தவருக்குத் திறக்கும் கதவு குழந்தைகள் நெஃப்ராலஜி, சிறுநீரக மருத்துவம். அதாவது மருந்தும் டயாலிசிஸும். பீடியாட்ரிக் யூராலஜி அறுவை சிகிச்சைத் துறை. யூராலஜி முடித்துக் குழந்தைகளுக்கான ஃபெல்லோஷிப் (கூடுதல் சிறப்புப் பயிற்சி) செய்யலாம். இல்லையென்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை முடித்து யூராலஜியில் கூடுதல் பயிற்சி எடுக்கலாம். வருடக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். பள்ளி முடித்த பிறகு 12 முதல் 16 வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படி இருக்கும்? ஹைப்போஸ்பேடியாஸை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்த் துளை ஆண்குறியின் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறம் திறந்திருக்கும் பிறவிக் குறை. பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள், கண்ணில் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) மாட்டிக்கொண்டு, 6-0 அல்லது 7-0 நூலில் தைப்பார்கள். தலைமுடி அளவு மெல்லிய நூல் அது. திசுவை ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) அழுத்திப் பிடித்தாலோ, மேலே இன்னொரு அடுக்கு போர்த்தாமல் விட்டாலோ, ஃபிஸ்டுலா என்ற தேவையில்லாத ஓட்டை விழுந்து சிறுநீர் பக்கவாட்டில் ஒழுகும். நன்றாகச் செய்தவருக்கும் இது சில சமயம் நடக்கும். குறி வளைவு போன்ற குறைகள் பையன் வயதுக்கு வரும்போதுதான் தலைகாட்டும்; தன் வேலை சரியா என்று தெரிந்துகொள்ளவே பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும். உடனடிப் பலன் தேடுகிறவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது.

அவசரமும் உண்டு. விதைப்பைக்குள் விரை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். இரவு 2 மணி என்றாலும் ஓட வேண்டியதுதான்.

மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும் ஆக வேண்டுமென்றால், அந்தப் பதவி சீனியாரிட்டியால் மட்டும் வராது. பின்புற யூரெத்ரா வால்வை (ஆண் குழந்தையின் சிறுநீர் வழியைப் பிறவியிலேயே அடைக்கும் சவ்வு) எண்டோஸ்கோப்பில் வெட்டிவிடுவது சிறிய வேலை. அந்தக் குழந்தையின் கிரியாட்டினினையும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) சிறுநீர்ப்பை அழுத்தத்தையும் பெரியவனாகும்வரை குறித்து வைப்பதுதான் பெரிய வேலை, ஆய்வுக் கட்டுரை பிறப்பதும் அந்தக் குறிப்பில்தான். பயிற்சியின் முதல் வாரத்திலிருந்தே பதிவு வைக்காதவர், பதவி உயர்வு நேரத்தில் பழைய கேஸ் ஷீட்டைத் தேடி அலைவார். கூடவே புள்ளியியல் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மாணவர் தைக்கும்போது கையைப் பறிக்காமல் பக்கத்தில் நிற்கும் பொறுமையும் வேண்டும். அது பலருக்கு வருவதில்லை.

ஃபெல்லோஷிப் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வருடத்துக்கு எத்தனை ஹைப்போஸ்பேடியாஸ், எத்தனை பைலோபிளாஸ்டி (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் வெளியேறும் இடத்து அடைப்பைச் சரிசெய்யும் அறுவை) நடக்கிறது, அதில் ஃபெல்லோ (ஃபெல்லோஷிப் பயிற்சியில் இருப்பவர்) முதன்மையாகச் செய்தது எத்தனை என்று கேளுங்கள். போன வருட ஃபெல்லோவின் லாக்புக்கைப் (செய்த அறுவைகளின் பதிவேடு) பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. "அசிஸ்டட்" (உதவி மட்டும் செய்தார்) என்றே பக்கம் பக்கமாக இருந்தால் வேறு இடம் தேடலாம்.

பள்ளியில் இருக்கும்போது இதற்கென்று தனியாகப் படிக்க ஒன்றுமில்லை. மருத்துவக் கல்லூரியில் முதல் சர்ஜரி போஸ்டிங் முடியட்டும். நான்கு மணி நேரம் தியேட்டரில் நின்றுவிட்டு வந்தவளிடம், நாளைக்கும் போக ஆசையா என்று மட்டும் கேளுங்கள்.