எப்போதும் பாஸ் ஆகிற ஸ்கிரிப்ட்

வணக்கம். ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்ததும் பல்கலைக்கழகம் போகாமல், இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனையாளருக்கான நான்காம் நிலை அப்ரண்டிஸ்ஷிப்பில், அதாவது சம்பளத்துக்கு வேலை பார்த்தபடியே படிக்கும் பயிற்சியில், சேர்ந்தேன். எட்டு மாதம் ஆகிறது. யாரோ எழுதிவைத்த ரெக்ரஷன் ஸ்கிரிப்டுகளை (முன்பு ஓடியது இப்போதும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள்) ஒவ்வொரு ரிலீஸுக்கும், அதாவது புதிய பதிப்பு வெளியாகும்போதெல்லாம், ஓட்டி, 'பாஸ்' என்று குறிப்பதுதான் வேலை. போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலையைக் காட்டும் தொகுப்பு) எழுத ஒன்றுமில்லை. ரிலீஸ் வாரத்தில் படிப்புக்கான நேரமும் பறிபோகிறது. ராத்திரி வீட்டில் படிக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கே போயிருக்கலாமோ?
ந.

அன்புள்ள ந.,

படிப்பு நேரத்தை முதலில் பார்த்துவிடலாம். அது நிறுவனம் தயவு பண்ணிக் கொடுப்பதல்ல. சம்பளம் பெறும் வேலை நேரத்துக்குள்ளேயே பயிற்சி நடக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. எத்தனை மணி நேரம் என்பது நீங்கள் கையெழுத்திட்ட பயிற்சித் திட்டத்திலேயே இருக்கும். ரிலீஸ் அவசரத்துக்கு ஒரு வாரத்து நேரத்தைத் தள்ளிவைக்கலாம், விழுங்கிவிடக் கூடாது. ராத்திரி படித்ததற்கு ஈடாகப் பகலில் நேரம் தர வேண்டும். தவறிய நாட்களைக் குறித்துவைத்து, நீங்களும் மேலாளரும் உங்களுக்குப் பாடம் நடத்தும் பயிற்சி நிறுவனத்தாரும் உட்காரும் அடுத்த ரிவியூவில் எடுத்துவையுங்கள். கோபம் வேண்டாம். பக் ரிப்போர்ட் (பிழை அறிக்கை) எழுதுகிற மாதிரியே சொல்லுங்கள்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எந்தத் தேதியில்.

'எழுத ஒன்றுமில்லை' என்கிறீர்களே, அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பி, சுமார் 40 நொடியில் சிதறியது. அதன் திசையறியும் கருவியில் ஓடிய மென்பொருள் புதிதல்ல; ஏரியான் 4-இல் ஒழுங்காக வேலை செய்தது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த ஓர் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றப்போனபோது, அந்த வகை எண்ணில் அடங்கக்கூடிய 32,767 என்ற உச்சத்தைத் தாண்டிவிட்டது; கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் அதே மாதிரி நின்றுபோனது. இதில் கொடுமை, ராக்கெட் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை. புதிய ராக்கெட்டின் பறக்கும் பாதையைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதிக்கவே இல்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது.

நீங்கள் ஓட்டும் ஸ்கிரிப்டும் ஒரு பழைய நிலவரத்துக்காக யாரோ எழுதியதுதான். திரையில் வயதை நிரப்பும் ஒரு கட்டம், 18 முதல் 65 வரைதான் ஏற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் 30 என்று போட்டுப் பார்த்து 'பாஸ்' சொல்கிறது. எல்லையில் இருக்கும் 17, 18, 65, 66 எங்கே? இந்த விதி நடுவில் மாறியதா? மாறியபோது ஸ்கிரிப்டை யாராவது தொட்டார்களா? இன்னொன்று செய்யலாம். டெவலப்பர் ஒருவரைக் கேட்டு, சோதனைச் சூழலில் மட்டும் அந்த விதியை வேண்டுமென்றே கெடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஸ்கிரிப்ட் பாஸ் ஆனால், இத்தனை நாளும் அது எதையுமே சோதிக்கவில்லை. கெடுத்தது எதை, ஸ்கிரிப்ட் ஏன் பிடிக்கவில்லை, நீங்கள் சேர்த்தது என்ன, அதை டீம் ஏற்றதா என்று எழுதினால் போர்ட்ஃபோலியோவில் அது ஒரு நல்ல பதிவு. ஏற்கவில்லை என்றால் ஏன் என்பதையும் எழுதுங்கள். அதுதான் பெரும்பாலும் சுவாரஸ்யமாக இருக்கும்!

பல்கலைக்கழக விஷயம். நான்காம் நிலை என்பது இளங்கலையின் முதலாண்டுக்கு இணையான நிலை. அதற்காக நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பிவிடாதீர்கள். அந்தந்தப் பல்கலைக்கழகத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரிவியூவில் பேசிய பிறகும் ஸ்கிரிப்ட் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தரமாட்டோம் என்றால், படிப்பை விடாமல் வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழி இருக்கிறது. எப்படி என்று பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள், ஆனால் ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால்.