‘ராஜி பேசி முடித்துவிடலாமா?’

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். கூட்டாளிகளோடு சேர்ந்து, உடன் படிக்கும் காலனிப் பையனைச் சாதிப் பேர் சொல்லித் திட்டி அடித்துவிட்டான். அந்தப் பையன் கை முறிந்து மதுரை பெரியாஸ்பத்திரியில் இருக்கிறான். பி.சி.ஆர். கேஸ் வருமாம். ஊர்ப் பெரியவர்கள் அந்த வீட்டில் பேசி, பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார்கள். என் பிள்ளை கெட்டவனில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், மேலூர் பக்கம்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பெரியவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். உங்கள் ஆட்கள் நாலு பேர் காலனி வாசலில் போய் நின்றாலே அது மிரட்டல்தான். உங்கள் ஊர்த் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறவரால் அவர்கள் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லிவிட முடியுமா? பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காப்பதற்கென்றே, நீங்கள் பி.சி.ஆர். என்று சொல்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் தனிப் பிரிவு சேர்த்திருக்கிறார்கள். டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டிய வழக்கு இது, ஊர்க்கூட்டம் முடிக்க வேண்டியதல்ல.

மகனைப் பற்றிய பயம் நியாயம்தான். 18 வயது ஆகாததால் அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். வயதுச் சான்றை எடுத்து வையுங்கள். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். ஒளித்து வைக்காதீர்கள், பொய் சொல்லப் பழக்காதீர்கள்.

கெட்டவனில்லை என்கிறீர்கள். சரி, அந்தச் சொல்லை அவன் எங்கே கற்றான்? காலனி ஆட்களுக்கு உங்கள் வீட்டில் எதில் தண்ணீர் கொடுக்கிறீர்கள்? அவன் கையில் என்ன கலர் கயிறு கட்டியிருக்கிறான், அதைக் கட்டிவிட்டது யார்? 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் இந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது.

மேலவளவு உங்களுக்குத் தூரமில்லை. தனித் தொகுதியான ஊராட்சியில் ஜெயித்துத் தலைவரானார் என்பதற்காக முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களின் வீடுகளிலும் தாய்மார்கள் இருந்தார்கள், அம்மா. இதை மகனிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். பக்கத்து ஊரில் நடந்ததை அவன் உங்கள் வாயால் கேட்கட்டும்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும், நீங்கள் தனியாகப் போங்கள், கேஸை வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம். இந்த மாதிரி நேரத்தில் அடிபட்ட பிள்ளையைத்தான் டி.சி. வாங்கிப் போகச் சொல்வார்கள். அப்படிப் பேச்சு வந்தால் தலைமையாசிரியரிடம் நீங்களே போய், வேறு பள்ளிக்கு என் மகன் போகட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.