பரங்கிமலையில் அளக்கப்பட்ட ‘அடிக்கோடு’ என்பது என்ன?

நில அளவையில் அடிக்கோடு என்பது, தரையில் சங்கிலி போட்டு நேரடியாக அளக்கப்படும் முதல் கோடு. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பதால், அடுத்தடுத்து எழும் முக்கோணங்கள் யாவும் அந்த ஒரு கோட்டை நம்பியே நிற்கும். புள்ளிக் கோலத்தில் முதல் வரிசையின் இடைவெளி பிசகினால் கோலம் முழுவதும் கோணிப்போவதைப் போலத்தான். ஆகவேதான் 1802-இல் சென்னையின் தென்புறத்தில், பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளக் கோட்டை அளந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீண்டுவிடாதபடி அதை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்து அதன் சூட்டையும் குறித்துக்கொண்டார். இன்று அதன் அருகிலுள்ள விமான நிலையத்துக்கு விரைவோர் இதை அறிவதே அரிது. இந்தக் கோட்டிலிருந்து இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் அளவையைத் தொடங்கியவர், எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட் என்று பலர் எண்ணுகிறார்கள். அவர் இதில் சேர்ந்தது 1818-இல்தான்.