சர்ச் ஹால் சாவி

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் சேர்ந்து, ஆலய ஹாலில் சாயங்கால டியூஷன் நடத்த அனுமதி கேட்டோம். “சர்ச் ஜெபம் பண்ணத்தான்” என்று கமிட்டிப் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் சர்ச்சுகள் ஊர்ப் பிரச்சினைகளை எல்லாம் எடுத்துச் செய்தனவாமே, அது எப்படி?
- வாசகி ஒருவர், கடலூர் முதுநகர்

பதில்: அவை பிறந்த விதமே அப்படி, தங்கச்சி. பிலடெல்பியாவில் வெள்ளையர் நடத்திய ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்த அப்சலோம் ஜோன்ஸைப் பாதி ஜெபத்தில் பிடித்து எழுப்பினார்கள், அது கறுப்பருக்கான இடமில்லை என்று. கூட இருந்த ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் வெளியேறினார்கள். ஆலன் அடிமையாகப் பிறந்து, தன் விலையைத் தானே கட்டி விடுதலையானவர். பழைய கொல்லுப்பட்டறை ஒன்றை வாங்கி, குதிரை பூட்டித் தன் மனைக்கு இழுத்துவந்து, 1794-ல் அதையே ஆலயமாக்கினார். நமக்கும் இது புரியும். புதுச்சேரியில் சம்பா கோயில் என்ற சர்ச்சுக்குள் சாதி பிரித்துச் சுவர் நின்றதை, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாரே.

மற்ற கதவெல்லாம் சாத்தியிருந்த ஊர்களில் அவர்களுக்கென்று இருந்த கூரை சர்ச்தான். படிப்பு, சாவுச் செலவுக்கான கூட்டுப் பணம், ஊர்க்கூட்டம் எல்லாமே அதன் கீழேதான் நடந்தன. அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் பஸ்ஸில் கறுப்பரைத் தனியே பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து, பஸ்ஸில் ஏறாமல் புறக்கணித்தார்கள். 1955 டிசம்பர் 5 இரவு ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் கூடித்தான் அதைத் தொடர முடிவெடுத்தார்கள். 381 நாள் நடந்தது. ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போக வாங்கிய வண்டிகளின் பக்கவாட்டில் சபைகளின் பெயர் எழுதியிருந்தது. சமையல்காரரான ஜார்ஜியா கில்மோரும் தோழிகளும் கோழி வறுவலும் கேக்கும் செய்து விற்று, அந்தப் பணத்தைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்த பெண்களின் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், அதனால் பெயரைச் சொல்லவே இல்லை. எனக்கு இந்த அடுப்படிதான் மேடைப் பேச்சைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

விலையும் கொடுத்தார்கள். 1963 செப்டம்பர் 15 ஞாயிறு காலை அதே மாநிலத்துப் பர்மிங்காமில், 16-வது தெரு சர்ச்சில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள்.

2004 சுனாமிக்கு மறுநாள் கடலூரில் ஒரு சின்ன சர்ச்சில் நானும் நின்றேன். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்தோம். பலிபீடத்துக்கு முன்னால் சாம்பார் அண்டா. யார் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் கமிட்டிப் பெரியவர்களுக்கும் அந்த நாட்கள் நினைவிருக்கும். அதைச் சொல்லியே பேச்சை ஆரம்பியுங்கள்.

அப்புறம், பொதுவாக அனுமதி என்று கேட்காதீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறிலிருந்து எட்டு. எத்தனை பிள்ளைகள், கரண்ட் பில் யார் கட்டுவது, பூட்டிவிட்டுச் சாவியை யார் வைத்திருப்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். போகும்போது சபையின் அம்மாக்கள் நாலு பேரைக் கூட்டிப் போங்கள். பிள்ளைகளின் மார்க் ஷீட் அவர்கள் கையில்தான் இருக்கும்.